ஆதிகேசவன் அசல்தானா

பெங்களூரில் டிராஃபிக் ஜாமை மனசார விரும்பிய மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பெயர் ஆதிகேசவன். வயது நாற்பத்து நான்கு, சொந்த ஊர் ஆரணிப் பக்கம், ஜாகை ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மாரத்தஹள்ளிப் பாலத்தில் ஊரே ஹாரனை அழுத்திக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரனின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருக்கும்போது, தன்னுடைய பழைய காருக்குள் இவர் மட்டும் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். பச்சை விளக்கு விழுந்தால் முகம் வாடிவிடும்.

காரணம் வேறொன்றுமில்லை. காரில் அவரோடு இரண்டு பேர் வந்தார்கள். முன்சீட்டில் தியோடர், பின்சீட்டில் கிருத்திகா. மூன்று பேருக்கும் ஜாகை ஈஜிபுராப் பக்கம், வைட்ஃபீல்டில் ஒரே வளாகத்தில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை. ஒரே காரில் சேர்ந்து போகலாமே என்று வளாகத்து அறிவிப்புப் பலகையில் ஆதிகேசவன் சீட்டு ஒட்டி, இரண்டு வருஷமாக நடக்கிற ஏற்பாடு. தியோடர் தன் சர்ச் பாடகர் குழுவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று தினமும் சொல்லுவான். கிருத்திகா கல்யாணம் நிச்சயமான பையனோடு போனில் சண்டை போடுவாள், போனை வைத்ததும் டிபன் டப்பாவைத் திறந்து முன்சீட்டுக்கு ஒரு இட்லி நீட்டுவாள். நடுநடுவே இரண்டு பேரும், "நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுஷன் காலையில் எழுந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டால் திங்கள் காலைவரை அவர் வாயைத் திறக்க வேலையே இருக்காது. ஹோட்டலில் காபி கேட்கத் திறந்தால் உண்டு. இந்த ஊரில் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து, 'பை டூ' என்று இரண்டு பேர் சேர்ந்து குடிப்பார்கள். ஆதிகேசவன் எப்போதும் முழுக் காபிதான் குடிப்பார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, இருந்தாலும் பாதியைக் கொடுக்க ஆள் வேண்டுமே.

அவருடைய உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கு என்னைத் திட்டுவீர்கள். இயந்திரங்களுக்கு உபயோகிப்பவர் கையேடு எழுதுகிற வேலை. 'மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்பதுபோல் பதினெட்டு வருஷமாக எழுதித் தள்ளியிருக்கிறார். ஒருத்தரும் படித்ததில்லை. அந்த வருத்தத்தில், அடுத்தவன் எழுதியதையாவது ஒரு வரி விடாமல் படித்து அதன்படியே நடப்பது என்று விரதமாக வைத்துக்கொண்டார். மாத்திரை அட்டையில் 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்ததற்காக, ஒரு மழைக்காலம் முழுக்க அந்த அட்டையை அறைக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருந்தவர் அவர்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை தொம்மலூர் சிக்னலில் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரைக்கும் போனது, கார் நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்ததில், முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் பின்னால் போய் நின்றது. கிருத்திகா போட்ட கூச்சலில் போக்குவரத்துப் போலீஸ்காரரே திரும்பிப் பார்த்தார்.

ஜோகுபாளையத்து மெக்கானிக் சாமிநாதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர் சிலிண்டர் ஆய்த்து, போச்சு சார். நீ மிதிக்கிற மிதியை நாலு சக்கரத்துக்கும் அனுப்புறதே அதுதான். ஆயில் பூரா ஒழுகிப்போச்சு. கடைத்தெருவுல வாங்குனா பாதிக்குப் பாதி டூப்ளிகேட். வேற பார்ட்னா சும்னே எதையாவது மாட்டிவுட்ருவேன், இது பிரேக்கு, உசுரு விஷயம். அசல் கொண்டா, ஒரு ஹவர்ல மாட்டித் தரேன்."

அன்று சாயங்காலம் தியோடர் ஒரு செய்தி சொன்னான். அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து வளாகமே ஈஜிபுராவுக்கு வேன் விடப்போகிறதாம். பாஸ் எடுத்தால் ஆறு மாசத்துக்கு எடுக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"அதுக்குள்ள கார் ரெடியாயிட்டா நாங்க ஏன் சார் வேனுக்குப் போறோம்? அதுவரைக்கும் பஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம். நெட்ல ஆர்டர் போடுங்க சார். அஸ்லிபோல்ட் டாட் காம்னு ஒண்ணு இருக்கு. அவங்க வேலையே டூப்ளிகேட்டை ஒழிக்கிறதுதானாம்."

பதினெட்டு நாள் இருந்தது. தாராளம் என்று நினைத்தார் பாவம்.

பெட்டி நான்காம் நாளே வந்துவிட்டது. சின்ன அட்டைப்பெட்டிதான், ஆனால் மேலே ஒட்டியிருந்த முத்திரைகளைப் பார்த்தால் ரிசர்வ் பாங்கி பெட்டியோ என்று பயம் வரும். ஆதிகேசவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தார். 'அசல்தன்மை உறுதி செய்யப்படும் முன் இப்பெட்டி திறக்கப்பட்டால், உள்ளிருக்கும் பொருள் போலி எனக் கருதப்படும்.' அதற்குக் கீழே: 'அசல்தன்மையை உறுதி செய்ய, பெட்டியின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ள பதினாறு இலக்க எண்ணைத் தொலைபேசியில் தெரிவிக்கவும்.'

நீங்களோ நானோ என்றால் கத்தரிக்கோலை எடுத்திருப்போம். அவர் போனை எடுத்தார்.

லைனில் காத்திருக்கச் சொல்லி இருபது நிமிஷம் வீணை வாசித்துக் காட்டிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது. பெயர் பிரபா. ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் இவருடைய ஆரணி ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டாள். கிருஷ்ணகிரிப் பெண்ணாம்.

"சார், பேசுறது நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கணும். பேர் சொல்லுங்க."

"ஆதிகேசவன்."

"பிடிச்ச சாப்பாடு?"

"பருப்பு உருண்டைக் குழம்பு."

"சின்ன வயசு சிநேகிதர் பேர்?"

"சேஷகிரி." முப்பது வருஷமாக அந்தப் பெயரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "அவன் இப்ப எங்க இருக்கான்னே தெரியலம்மா."

"அது ஃபார்ம்ல இல்ல சார். இப்ப பெட்டிக்கு உள்ள இருக்குற நம்பரைச் சொல்லுங்க."

"பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"கரெக்ட் சார். திறக்கக் கூடாது."

"திறக்காம நம்பரை எப்படிம்மா படிக்கிறது?"

"அதான் சார் எங்க பாதுகாப்பே. டூப்ளிகேட் ஆளா இருந்தா திறந்து படிச்சுச் சொல்லிருவான், உடனே மாட்டிக்குவான். அசல் கஸ்டமரால சொல்லவே முடியாது. இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொன்னதில்ல சார்."

இவர் யோசித்துப் பார்த்தார். கையேடு எழுதுகிறவர் என்ற முறையில் அதில் ஏதோ ஒரு அழகு இருப்பதாகத்தான் பட்டது.

சோதனை அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னாள். அவர் என்றைக்கு வருவார் என்று கேட்க தினமும் போன் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெயர், குழம்பு, சேஷகிரி. நான்காம் நாள், "பருப்பு உருண்டைக்குத் துவரம்பருப்பா கடலைப்பருப்பா சார்?" என்று கேட்டாள். அது ஃபார்மில் இருந்ததா இல்லையா என்று இவர் விசாரிக்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி சோதனை அதிகாரி கிரண் ஜோகுபாளையத்துப் பட்டறைக்கு வந்து இறங்கினான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பூதக்கண்ணாடி, தராசு, கேமரா. பெட்டியை எடை போட்டான். காதருகில் வைத்து ஆட்டினான். 'ஓசை அசல்' என்று எழுதிக்கொண்டான். ஆதிகேசவனுக்கு உயிர் வந்தது. சாமிநாதன் ஸ்பானரை எடுத்தார்.

"இருங்க," என்று கையை நீட்டினான் கிரண். "கார் அசலா?"

"நான் வாங்குன கார்தான்," என்றார் ஆதிகேசவன்.

"சார், உணர்ச்சிவசப்படாதீங்க. அசல் பார்ட்டைப் போலி கார்ல மாட்டுனா, அந்தப் பார்ட்டும் கெட்டுப்போய் போலி மாதிரியே நடந்துக்கும். சகவாச தோஷம் சார். அப்புறம் கெட்ட பேர் எங்களுக்குத்தான் வரும்."

இரண்டு மணி நேரம் காரை மோந்து பார்த்தான். ஒரு வைப்பர் ஆட்டோவுடையது. ஹாரன் லாரியுடையது. சீட்டுகள் சிவாஜி நகரில் தைத்தவை. பக்கக் கண்ணாடி ஏதோ ஸ்கூட்டருடையது. கடைசியில் சான்று எழுதிக் கொடுத்தான்: 'வாகனம் முப்பத்தேழு சதவீதம் அசல். பொருத்துவதற்குக் குறைந்தபட்சத் தேவை தொண்ணூறு.'

"அரே, லாரி ஹாரன் நான்தான்யா போட்டேன்!" என்று சாமிநாதன் குதித்தார். "சார், இவன்கிட்ட என்ன பேஜாரு? பெட்டியைக் குடு, பிரிச்சு மாட்டிடலாம்."

"பிரிச்சா போலின்னு எழுதியிருக்கே," என்றார் ஆதிகேசவன்.

"எழுதியிருந்தா?"

எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை என்றால், பதினெட்டு வருஷமாக அவர் செய்த வேலைக்கு என்ன பொருள்? இரண்டு பேரின் உயிர் அந்தக் காரில் போய் வர வேண்டும். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் முழிப்பது? போலிகளைக் கழற்றிவிடலாம் என்று அவரே சொன்னார். சீட்டுகளைக் கழற்றினார்கள், எழுபது சதவீதம் ஆனது. ஹாரன், வைப்பர், கண்ணாடி, கதவுப்பிடி என்று ஒவ்வொன்றாகக் கழற்ற, சாயங்காலத்துக்குள் தொண்ணூற்று நான்கு வந்துவிட்டது. கார் இப்போது அப்பழுக்கில்லாத அசல். உட்காரத்தான் இடமில்லை.

கிரண் கைகுலுக்கினான். "வாழ்த்துக்கள் சார். அடுத்து நீங்க."

"நான் என்ன?"

"நீங்க அசலான்னு தலைமை அலுவலகத்துல பார்ப்பாங்க."

இருபத்தெட்டாம் தேதிக்குத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். தியோடரும் கிருத்திகாவும் வேறு பஸ்ஸில் போனார்களோ என்னவோ, கண்ணில் படவே இல்லை. போன் செய்து, "கிட்டத்தட்ட ஆயிடுச்சுப்பா, தொண்ணூத்து நாலு சதவீதம்" என்றார். "சூப்பர் சார்" என்றான் தியோடர், பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டே.

அஸ்லிபோல்ட் தலைமை அலுவலகம் வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: 'இதுவரை விற்ற போலிகள்: 0.' அசல்தன்மைத் துறைக்குத் துணைத்தலைவர் சீனிவாசராகவன். அறுபது வயது, நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணம், குளிரூட்டிய அறையில் கோட்டு.

"உட்காருங்கோ மிஸ்டர் கேசவன். கஸ்டமரை நேர்ல பார்த்து ரொம்ப நாளாச்சு. நாங்க வியாபாரம் பண்றதா எல்லாரும் நினைக்கறா. இல்லே. நாங்க நம்பிக்கையை நிர்மாணம் பண்றோம். மூணு வருஷத்துல நாலாயிரத்து இருநூறு பார்ட் அனுப்பியிருக்கோம். ஒரே ஒரு புகார் உண்டா? மாட்டின அப்புறம் உடைஞ்சுதுன்னு ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம். சொல்ல முடியாது! ஏன்னா, இன்னிய தேதிவரைக்கும் ஒண்ணைக்கூட யாரும் மாட்டலே. நூறு சதவீதம் சார். உலகத்துல எந்தக் கம்பெனிக்கு இருக்கு இந்த ரெகார்டு?"

"எனக்கு முப்பதாம் தேதிக்குள்ள மாட்டணும் சார்."

"மாட்டறதுலயே குறியா இருக்கேள். அசல் பொருளை வச்சுண்டிருக்கறதே ஒரு கௌரவம் இல்லையோ? போகட்டும். போலிப் பொருள் எங்கேர்ந்து வரது? போலி மனுஷா வாங்கறதால வரது. அதனாலதான் மனுஷாளையும் பரிசோதிக்கறோம். சொந்தக்காரா இல்லாத ரெண்டு பேர், உங்களை வாரத்துக்கு அஞ்சு நாளாவது பார்க்கறவா, 'இவர் இன்னார்தான்'னு போன்ல சொன்னாப் போறும். ரொம்பச் சுலபம். எல்லாருக்கும் ரெண்டு பேராவது இருப்பா."

ஆதிகேசவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தியோடர், கிருத்திகா என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம், தினமும் மூன்று மணி நேரம். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சீனிவாசராகவன் ஒலிபெருக்கியில் போட்டு எண்ணை அழுத்தினார். முதலில் தியோடர்.

"மிஸ்டர் ஆதிகேசவனைப் பத்தி விசாரிக்கணும்."

"யாரு?"

"ஆதிகேசவன். ஈஜிபுரா."

"அப்படி யாரையும் தெரியாதே சார். ராங் நம்பர்னு நினைக்கிறேன்."

ஆதிகேசவன் மேஜையை நோக்கிக் குனிந்து, "தியோடர், நான்தாம்ப்பா" என்றார்.

"அட, கார் சார்! நீங்களா? ஸாரி சார், உங்க நம்பரைக் கார்னுதான் போட்டு வச்சிருக்கேன். உங்க பேரு ஆதி... என்ன சார்?"

கிருத்திகாவுக்கு அவருடைய பெயர் ஏதோ மூர்த்தி என்று ஞாபகம். "ரொம்ப நல்லவர் சார், பேசவே மாட்டார், நாங்க பேசுறதைக் கேட்டுட்டே வருவார்" என்று நல்ல சான்றிதழ்தான் கொடுத்தாள். ஊர், குடும்பம், எந்தக் கம்பெனி, எதுவும் தெரியாது. கேட்டதில்லையாம்.

சீனிவாசராகவன் போனை வைத்தார். ஆதிகேசவனுக்கு அழுகை வந்தது. நாற்பத்து நான்கு வயசில் கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் அழுவதற்கு வெட்கமாக இருந்தது, அதனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பு அவர்கள் மேலா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இரண்டு வருஷத்தில் தானாகவும் ஒரு தடவை சொல்லவில்லையே.

"ரெண்டு சாட்சியும் தோத்துப்போச்சு," என்றார் சீனிவாசராகவன், படிவத்தைப் பார்த்துக்கொண்டே. "விதிப்படி நீங்க போலி." முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே கை நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம். நீங்க போலின்னா, ஒரு போலிக்கு நாங்க பார்ட் வித்திருக்கோம்னு ஆறது. சகவாச தோஷத்துல அந்தப் பார்ட்டும் போலி. அப்போ வாசல்ல இருக்கற பூஜ்யம்?"

"ஒண்ணாயிடும்," என்றார் ஆதிகேசவன்.

"சிவ சிவா!" என்றார் அந்த வைஷ்ணவர். முதலீடு செய்தவர்கள் அடுத்த மாதம் வரப்போகிறார்களாம். அவசரமாக வேறு முத்திரையை எடுத்துக் குத்தினார். 'நூறு சதவீதம் அசல்.' எழுந்துவந்து கட்டிப்பிடித்தார். "உங்களைப் பார்த்த உடனே தெரிஞ்சுடுத்து ஸ்வாமி. சாட்சியெல்லாம் எதுக்கு?"

முப்பதாம் தேதி மத்தியானம் ஜோகுபாளையத்தில் விழாவே நடந்தது. அஸ்லிபோல்ட் வரலாற்றில் முதல்முதலாக ஒரு பெட்டி திறக்கப்படுகிறது. ரிப்பன் கட்டினார்கள், கேக் வெட்டினார்கள், கிரண் நாற்பது படம் எடுத்தான். சீனிவாசராகவன் 'திறப்பதும் ஒரு சேவையே' என்று அரை மணி நேரம் பேசினார். பெட்டிக்குள் மாஸ்டர் சிலிண்டர் இருந்தது, அசல்தான். சாமிநாதன் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். சீட்டு, ஹாரன், மற்றதையெல்லாம் திரும்பப் பொருத்தத்தான் ஆறு மணி ஆகிவிட்டது.

அங்கேயே நின்று தியோடருக்குப் போன் செய்தார். "ரெடியாயிடுச்சுப்பா. நாளைக்கு ஏழே முக்காலுக்கு வந்துடறேன்."

"அய்யோ, கார் சார்... நாங்க போன வாரமே பேர் கொடுத்துட்டோமே. ஏசி வேன் சார். நீங்களும் வந்துடுங்களேன்."

"இனிமே எங்க, பேர் கொடுக்கறது இன்னிக்கோட முடிஞ்சுதே," என்றார். "பரவாயில்லப்பா. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அக்டோபர் ஒன்றாம் தேதி மாரத்தஹள்ளிப் பாலத்தில் நாற்பது நிமிஷம் ஜாம். பிரேக் அருமையாகப் பிடித்தது. ஆதிகேசவன் முதல்முறையாக ஹாரனை அழுத்தினார். லாரி ஹாரன், முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். பக்கத்து வரிசையில் வேன் வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிருத்திகா டிபன் டப்பாவைத் திறந்து யாரிடமோ நீட்டிக்கொண்டிருந்தாள். தியோடர் இவரைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இவரும் தூக்கிக் காட்டினார்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, விளக்கைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து அஸ்லிபோல்ட்டுக்குப் போன் செய்தார். வீணை முழுவதையும் கேட்டார்.

"சார், வாழ்த்துக்கள்!" என்றாள் பிரபா. "போட்டோ எல்லாம் இங்க ஒட்டியிருக்காங்க. உங்க ஃபைலை இன்னிக்குக் காலையிலதான் மூடுனேன். பிரேக் எப்படி இருக்கு?"

"நல்லாப் பிடிக்குதும்மா."

"அப்புறம் என்ன சார்?"

ஆதிகேசவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பதினெட்டு வருஷமாக எழுதியதற்கும் படித்ததற்கும் நேர்விரோதமாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, மனசறிந்து ஒரு பொய் சொன்னார்.

"அது அசல்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. புகார் கொடுக்கணும்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சார், நல்லா யோசிச்சீங்களா? இது எங்க முதல் புகார். சாதாரணமா முடியாது. விசாரணை ஆறு மாசம்கூட இழுக்கும். தினமும் நான் கூப்பிட்டுப் பேசணும், நீங்க பதில் சொல்லணும். தொந்தரவா இருக்குமே."

"இருக்கட்டும்மா. எனக்கொண்ணும் தொந்தரவில்ல."

மறுமுனையில் விசைகள் மெதுவாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது.

"சரி சார். புது ஃபார்ம் திறக்கிறேன். முதல் கேள்வி, பேரு?"

"ஆதிகே..."

"தெரியும் சார்," என்றாள் பிரபா. "ரூலுக்காகக் கேட்டேன்."